தேகப்பயிற்சி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்

நமது பள்ளிக்கூடங்களில் டிரில் மாஸ்டர் என்று ஒருவர் நெடுங்காலம் இருந்துவந்தார். பட்டாளத்திலிருந்து விலகிவந்த ஹவில்தார் ஒருவரைப் பிடித்து, அவர் கையில் ஒரு விசிலைக் கொடுத்து, மாலை வேளையில் பையன்களை வரிசையாக நிறுத்திக் கைகால்களை அசைக்கச் செய்துவிட்டால் தேகப்பயிற்சி நடந்தாயிற்று என்பது அக்காலத்து நிர்வாகிகளின் எண்ணம். கணக்குச் சொல்லிக்கொடுப்பவருக்குப் பட்டம் வேண்டும். இலக்கணம் சொல்லிக்கொடுப்பவருக்குப் புலமை வேண்டும். குழந்தையின் எலும்பையும் நரம்பையும் மூச்சையும் ஒப்படைக்கிறோமே, அவருக்கு மட்டும் மீசையும் குரலும் இருந்தால் போதும் என்று கருதினார்கள். இந்த எண்ணம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமன்று. மேல்நாடுகளிலும் இப்படியே இருந்தது. அதை மாற்ற முன்வந்தவர்களில் ஒருவருடைய வாழ்க்கையை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற பெயரை, கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தவர் என்ற அளவில் உலகம் அறியும். அது உண்மைதான். ஆனால் அந்த ஆட்டம் எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதைப் பலர் அறியார். அது ஆட்டக்காரன் ஒருவன் பொழுதுபோக்காகக் கண்டதன்று. வியாபாரி ஒருவன் பணத்துக்காகச் செய்ததுமன்று. தேகப்பயிற்சி ஆசிரியராவதற்கு ஒரு கலாசாலையில் பயின்று முடித்து, அங்கேயே ஆசிரியராக அமர்ந்து சில மாதங்களே ஆன ஒருவர், தம் வகுப்பு தமக்கு அடங்காமற்போகவே, அந்தத் தொல்லைக்குத் தேடிக் கண்ட பரிகாரம் அது.

நெய்ஸ்மித் 1861-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி, கனடா தேசத்தில் ஒண்டேரியோ பகுதியைச் சேர்ந்த ஆல்மான்ட் என்னும் சிற்றூருக்கு அருகே பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து வழியினர். 1870-ல் அந்தப் பக்கத்தில் விஷ ஜுரம் பரவியது. தாயும் தந்தையும் சில வார இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். ஒன்பது வயதுச் சிறுவன், தன் அக்காளோடும் தம்பியோடும் அநாதையானான். பாட்டி வீட்டில் கொஞ்ச காலம். பிறகு தாய்மாமன் பீட்டர் யங் என்பவரின் பாதுகாப்பு. மாமன் கண்டிப்பானவர். பண்ணை வேலையில் கொடுத்த காரியத்தைப் பையன் தானே யோசித்துத் தானே முடிக்கவேண்டும் என்பது அவருடைய முறை. உதவிக்கு ஓடிவரமாட்டார். இந்தப் பாடம் பின்னால் எவ்வளவு உதவிற்று என்பதைப் பார்ப்போம்.

பள்ளிப் படிப்பில் பையனுக்கு முதலில் நாட்டம் இல்லை. நடுவே பள்ளியை விட்டு, காட்டில் மரம் வெட்டும் கூலிக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான். சில வருஷங்கள் அப்படிக் கழிந்தன. பிறகு மனம் திரும்பி, தன்னைவிட இளைய பையன்களோடு மீண்டும் அதே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பாடத்தை முடித்தான். கோடரி பிடித்த கை மறுபடி எழுதுகோல் பிடிப்பதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்பதை, நடுவில் படிப்பை விட்டுத் திரும்பியவர்களே அறிவர். 1883-ல் மான்ட்ரியல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று.

பாதிரியாராவதே அவருடைய நோக்கம். வீட்டாரின் ஆசையும் அதுவே. முதல் நாட்களில் புத்தகமே கதியென்று கிடந்த அவரை இரண்டு மூத்த மாணவர்கள் வலிய அழைத்துச் சென்று தேகப்பயிற்சிக் கூடத்தைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அவரை அங்கிருந்து பிரிப்பது கஷ்டமாயிற்று. ஜிம்னாஸ்டிக், ரக்பி, லக்ராஸ் எல்லாவற்றிலும் பேர் வாங்கினார். 1887-ல் பட்டம் பெற்று, வேத சாஸ்திரக் கலாசாலையில் சேர்ந்த பிறகும் ஆட்டத்தை விடவில்லை. ஆட்டத்தில் அடிபட்டுக் கறுத்து வீங்கிய இரண்டு கண்களோடு பிரசங்க மேடை ஏறியதாகவும் ஒரு செய்தி உண்டு. விளையாட்டு என்பது சைத்தானின் சூழ்ச்சி என்று கருதிய சக மாணவர்கள் சிலர் இவர் ஆன்மாவுக்காகத் தனியே கூடிப் பிரார்த்தனை செய்தார்களாம்.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில், இவருக்குப் பக்கத்தில் நின்று ஆடியவன் கோபத்தில் வாயில் வராத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டான். சொன்னவன் திரும்பிப் பார்த்து, நெய்ஸ்மித் அருகில் இருந்ததை மறந்துவிட்டதாகக் கூறி மன்னிப்புக் கேட்டான். இவரோ அவனை ஒருபோதும் கண்டித்தவரல்லர். உடன் ஆடுகிறவனுடைய நடத்தையே ஒருவனைத் திருத்தக்கூடுமானால், மேடையில் நின்று செய்யும் பிரசங்கத்தைவிட மைதானம் எந்த விதத்தில் தாழ்ந்தது என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்தது. 1890-ல் வேத சாஸ்திரப் படிப்பை முடித்தார். ஆனால் திருச்சபைப் பணிக்குப் போகவில்லை. தேகப்பயிற்சி ஆசிரியராவதென்று தீர்மானித்தார். அவருடைய அக்காள் ஆனி இதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். குடும்பம் எதிர்பார்த்த கௌரவமான உத்தியோகத்தை விட்டு, ஊரார் மதிக்காத ஒரு தொழிலுக்குப் போகிறவனுக்கு வீட்டில் நேரும் வருத்தம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

அமெரிக்கா ஐக்கிய நாட்டில் மாசசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் தங்கள் ஊழியர்களைத் தயாரிக்க ஒரு பயிற்சிக் கலாசாலை வைத்திருந்தார்கள். அங்கே தேகப்பயிற்சிப் பகுதியின் தலைவர் லூதர் குலிக். அவர் வைத்தியர்; நெய்ஸ்மித்தைவிட நான்கு வயது இளையவர். உடம்பு, அறிவு, ஆன்மா மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்கள். ஒன்றைத் தள்ளினால் மற்ற இரண்டும் நில்லா என்பது அவர் கொள்கை. ஆகையால் அவரிடம் பயில வந்தவர்கள் தண்டால், பஸ்கி போடுவதோடு தப்பிவிட முடியாது. உடற்கூறு படிக்கவேண்டும், உறுப்புகளின் தொழிலைப் படிக்கவேண்டும், மனத்தின் இயல்பைப் படிக்கவேண்டும், எந்தப் பயிற்சி எந்தத் தசையை எதற்காக வேலை வாங்குகிறது என்று காரணம் சொல்லவேண்டும். பட்டாளத்து டிரில்லுக்கும் ஆசிரியனின் கல்விக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. டிரில் சொல்லுகிறவனுக்குக் கட்டளை தெரிந்தால் போதும். ஆசிரியனுக்குக் காரணம் தெரியவேண்டும்.

மனோதத்துவ வகுப்பில் குலிக் ஒரு நாள் ஒரு பிரச்சினையை எடுத்தார். இலையுதிர் காலத்தில் கால்பந்து உண்டு. வசந்தத்தில் பேஸ்பால் உண்டு. நடுவிலுள்ள பனிக்காலத்தில் கூடத்துக்குள்ளே அடைபட்டுச் செய்யும் கசரத்துகள் வாலிபர்களுக்குச் சலித்துவிட்டன. கூடத்துக்குள், விளக்கொளியில், யாவரும் எளிதில் கற்று ஆடக்கூடிய புதிய ஆட்டம் ஒன்று வேண்டும். உலகத்தில் முற்றிலும் புதிதென்று எதுவும் இல்லை. இருப்பவற்றின் கூறுகளைப் பிரித்து வேறு விதமாகச் சேர்ப்பதே புதுமை என்பதும் குலிக்கின் போதனை. மாணவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

1891-ம் வருஷக் கடைசியில் விஷயம் முற்றியது. ஒரு வகுப்பில் பதினெட்டுப் பேர். அவர்கள் தேகப்பயிற்சி ஆசிரியராக வந்தவர்கள் அல்லர். சங்கக் கிளைகளின் காரியதரிசிகளாகப் போவதற்குப் பயின்றவர்கள். வயதும் அநுபவமும் உள்ளவர்கள். தினம் ஒரு மணி நேரம் தேகப்பயிற்சிக் கூடத்துக்கு வந்தே தீரவேண்டும் என்ற விதி அவர்களுக்கு எட்டிக்காயாக இருந்தது. முதலில் ஓர் ஆசிரியர் வந்தார், தோற்றுப் போனார். அடுத்து ஜிம்னாஸ்டிக்கில் வல்லவரான இன்னொருவர் வந்தார், அவரும் கைகழுவினார். ஆசிரியர் கூட்டத்தில் இந்த வகுப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது நெய்ஸ்மித் எழுந்து, குற்றம் அந்த மனிதர்களிடம் இல்லை, நாம் கையாளும் முறையில்தான் இருக்கிறது என்று வாதித்தார். வாய் கொடுத்தவர் மாட்டிக்கொண்டார். அந்த வகுப்பை இனி நீரே நடத்தும் என்று குலிக் அவர் தலையிலேயே கட்டிவிட்டார். காலம் பதினான்கு நாள்.

குற்றம் மாணவனிடம் இல்லை, முறையில் இருக்கிறது என்று அவர் வாதித்தாரே, அதைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். உபாத்தியாயர்கள் கூடும் அறைகளில் நாம் வழக்கமாகக் கேட்பது என்ன? பையன்கள் மக்குகள், முரடர்கள், சோம்பேறிகள் என்பதுதான். தம் முறையைச் சந்தேகிப்பவர் நூற்றில் ஒருவர் இருப்பாரோ? அந்த ஒருவராக முப்பது வயது நெய்ஸ்மித் இருந்தார்.

ஆனால் சொல்வது எளிது. முதலில் கால்பந்தைக் கூடத்துக்குள் ஆடிப் பார்த்தார். ஆளை ஆள் தள்ளி உருட்டும் அந்த ஆட்டம் மரத்தளத்தில் எலும்பை முறிக்கும் என்று கண்டார். காலாலேயே ஆடும் பந்தாட்டத்தை முயன்றார். ஜன்னல் கண்ணாடிகள் பயமுறுத்தின. தம் தாய்நாட்டு லக்ராஸைச் சுருக்கிப் பார்த்தார். மட்டைகள் முகத்தைப் பதம் பார்த்தன. பதின்மூன்று நாட்கள் போய்விட்டன. மறுநாள் தோல்வியை ஒப்புக்கொள்ளவேண்டும். அறைக்குத் திரும்பிய அவருக்கு, உதவிக்கு ஓடிவராத மாமனின் முகம் நினைவுக்கு வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

அன்றிரவு அவர் ஆட்டங்களை ஆடிப் பார்ப்பதை நிறுத்தி, யோசிக்கத் தொடங்கினார். குலிக் சொன்னபடி ஆட்டங்களைக் கூறு கூறாகப் பிரித்தார். எல்லா ஆட்டத்திலும் ஒரு பந்து இருக்கிறது. சிறிய பந்தானால் அடிக்க மட்டை வேண்டும். மட்டை வந்தால் பழகுவதற்கு நாளாகும். ஆகவே பெரிய பந்து. கால்பந்தில் ஏன் ஆளைத் தள்ளுகிறார்கள்? பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனை நிறுத்துவதற்காக. பந்தோடு ஓடவே கூடாது என்று வைத்துவிட்டால், தள்ளவேண்டிய அவசியமே அற்றுப்போகிறது. அடுத்தது இலக்கு. இலக்கு செங்குத்தாக நின்றால் பந்தை வேகமாக எறியத் தோன்றும். வேகம் வந்தால் அடி விழும். இங்கே அவருக்குத் தம் பிள்ளைப் பிராயத்து விளையாட்டு ஒன்று ஞாபகம் வந்தது. பாறை மேல் வாத்து என்பது அதன் பெயர். பெரிய பாறையின்மேல் சிறு கல் ஒன்றை வைத்து, தூரத்திலிருந்து கல்லெறிந்து அதைத் தள்ளவேண்டும். மாங்காய் அடிக்கிறவனைப்போல் விசையாக எறிகிறவனுடைய கல், குறி தவறினால் வெகு தூரம் போய் விழும். அதை ஓடி எடுத்து வருவதற்குள் அகப்பட்டுக்கொள்வான். வில்போல் வளைத்து மெல்லத் தூக்கிப் போடுகிறவனே கெட்டிக்காரன். அப்படியானால் இலக்கைப் படுக்கைவாட்டில், தலைக்கு மேலே வைத்துவிடுவோம். பலத்தைவிட நிதானம் ஜயிக்கும்.

மறுநாள் காலை, கட்டடப் பணியாளர் ஸ்டெப்பின்ஸிடம் சதுரப் பெட்டிகள் இரண்டு கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடைகள் இரண்டு இருக்கின்றன என்றார் அவர். கூடத்தின் இருபுறமும் மேல்மாடத்தின் விளிம்பில் கூடைகளை அறைந்தார்கள். மாடத்தின் உயரம் தற்செயலாகப் பத்து அடி. இன்று உலகமெங்கும் கூடைப்பந்து வளையம் பத்து அடி உயரத்தில் இருப்பதற்கு ஸ்பிரிங்பீல்டு கொத்தனாரைத் தவிர வேறு காரணம் இல்லை. சதுரப் பெட்டி அகப்பட்டிருந்தால் ஆட்டத்தின் பெயரும் வேறாயிருக்கும்.

பதின்மூன்று விதிகளை எழுதி, தட்டச்சு செய்வித்து, சுவரில் ஒட்டினார். சட்டம் படித்த நமக்கு அந்தப் பதின்மூன்று விதிகளில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. அரசாங்கங்கள் குற்றம் நடந்த பிறகு சட்டம் செய்கின்றன. சட்டம் செய்த பிறகு ஓட்டையை அடைக்கத் திருத்தம் செய்கின்றன. இவரோ குற்றத்தின் காரணத்தை முதலில் அகற்றிவிட்டுப் பிறகு விதி எழுதினார். தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை இடறுவது, அடிப்பது கூடா. முதல் தடவை குற்றம். இரண்டாம் தடவை, அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்கவேண்டும். காயப்படுத்தும் எண்ணம் வெளிப்படையாகத் தெரிந்தால் ஆட்டம் முடியும்வரை வெளியே. பதில் ஆளும் கிடையாது. ஒரு கட்சியார் தொடர்ந்து மூன்று குற்றம் செய்தால் எதிர்க்கட்சிக்கு ஒரு கோல். ஆட்களைக் கவனிக்க ஒரு நீதிபதி; பந்தைக் கவனிக்க வேறொரு நீதிபதி. மனிதனையும் பொருளையும் பற்றிய வழக்குகளை இவ்வளவு தெளிவாகப் பிரித்த சட்டப் புத்தகத்தை நாம் அதிகம் கண்டதில்லை.

பதினெட்டுப் பேரை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, ஒரு கால்பந்தைக் கொடுத்து ஆட விட்டார். அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல். போட்டவர் வில்லியம் சேஸ். ஆனால் மணி அடித்த பிறகும் வகுப்பார் கூடத்தை விட்டுப் போகவில்லை. ஆட்டத்துக்கு அவருடைய பெயரையே வைக்கலாம் என்று பிராங்க் மஹான் என்ற மாணவர் சொன்னபோது நெய்ஸ்மித் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தப் பெயரை வைத்தால் எந்த ஆட்டமும் செத்துப்போகும் என்பது அவர் எண்ணம். கூடையும் இருக்கிறது, பந்தும் இருக்கிறது என்று மஹானே வேறு பெயர் சொன்னார். 1892-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் மக்கள் முன் ஆடினார்கள். மாணவர்கள் ஐந்து கோல், ஆசிரியர்கள் ஒன்று. உபாத்தியாயர்கள் தோற்றதில் ஊருக்கு ஒரே சந்தோஷம்.

அது ஆசிரியர்களையும் ஊழியர்களையும் தயாரிக்கும் இடமாக இருந்தபடியால், படித்து வெளியேறிய ஒவ்வொருவரும் ஆட்டத்தைத் தம்மோடு எடுத்துச் சென்றார்கள். முதல் வகுப்பிலேயே ஜப்பானியர் ஒருவர் இருந்தார், இஷிகாவா என்பவர். அதே வகுப்பினரான டங்கன் பாட்டன் 1894-ல் இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தார் என்பர். நமது சென்னைக்கும் ஸ்பிரிங்பீல்டுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. அந்தக் கலாசாலையில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-ல் சென்னையில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத் தேகப்பயிற்சிக் கலாசாலையை நிறுவினார். இன்றும் நந்தனத்தில் இருந்துவரும் அந்தக் கலாசாலை, நம் பள்ளிக்கூடங்களில் டிரில் மாஸ்டர் போய்த் தேகப்பயிற்சி ஆசிரியர் வருவதற்குப் பெருங்காரணமாயிற்று. தமிழ்நாட்டுச் சிறு பட்டணங்களின் உயர்நிலைப் பள்ளி மைதானங்களில் இரண்டு கம்பங்களும் இரண்டு வளையங்களும் நிற்பதைக் காண்கிறோமே, அந்த வழி இப்படித்தான் வந்தது.

நெய்ஸ்மித்தின் பிற்கால வரலாற்றில் சில பகுதிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1894-ல், ஸ்பிரிங்பீல்டில் இந்த ஆட்டத்தை ஆடிய முதல் பெண்களில் ஒருவரான மாட் ஷெர்மனை மணந்தார். 1895-ல் டென்வர் நகருக்குப் போய், அங்கே சங்கத்தின் தேகப்பயிற்சியை நடத்திக்கொண்டே வைத்தியம் படித்து, 1898-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். வேத சாஸ்திரமும் தேகப்பயிற்சியும் போதாவென்று வைத்தியமும் ஏன் என்று கேட்கலாம். மனித உடம்பைப் பயிற்றுகிறவன் அதை முற்ற அறியவேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. வைத்தியத் தொழிலை நடத்திப் பொருளீட்ட அவர் முயன்றதில்லை. அதே வருஷம் கான்ஸாஸ் சர்வகலாசாலைக்குத் தேகப்பயிற்சி ஆசிரியராகவும் பிரார்த்தனைக் கூடத்தின் தலைவராகவும் போய்ச் சேர்ந்தார். முதல் உலக யுத்தத்தின்போது பிரான்சில் சிப்பாய்களிடையே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்தார். மற்றபடி, வாழ்நாள் முழுவதும் லாரன்ஸ் என்ற அந்தச் சிறிய ஊர்தான்.

கான்ஸாஸ் குழுவுக்கு அவர் 1907 வரை பொறுப்பாளராக இருந்தார். வெற்றி 55, தோல்வி 60. அந்தச் சர்வகலாசாலையின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் இவர் ஒருவரே என்பதை வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். இவருக்குப் பின் வந்த இவருடைய மாணவர் பாக் ஆலன், குழுக்களைப் பழக்கி ஜயிக்கவைப்பதை ஒரு பெரும் தொழிலாகவே ஆக்கினார். கூடைப்பந்து ஆடுவதற்கே ஒழியப் பழக்குவதற்கு அன்று என்பது குருவின் கட்சி. இதில் சீடர் சொன்னதே உலகத்தில் நிலைத்தது. நாம் அதை மறுக்கவில்லை. எனினும், பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்து ஜயிக்கவைப்பது ஒரு வேலை. பள்ளிக்கூடத்து ஆயிரம் பிள்ளைகளும் வியர்க்கும்படி செய்வது வேறு வேலை. தாம் எந்த வேலைக்குக் கலாசாலையில் பயின்றோம் என்பதை நெய்ஸ்மித் ஒரு நாளும் மறக்கவில்லை. தம் ஆட்டத்தைவிட மல்யுத்தமும் கத்திச் சிலம்பமும் உடம்புக்கு நல்ல பயிற்சி என்று கருதியவர் அவர்.

இப்போது 1933-ம் வருஷத்துக்கு வருவோம். நெய்ஸ்மித்துக்கு வயது எழுபத்திரண்டு நெருங்கிவிட்டது. ஜான் மக்லெண்டன் என்ற பதினெட்டு வயது வாலிபர் கான்ஸாஸ் சர்வகலாசாலைக்கு வந்தார். தேகப்பயிற்சி ஆசிரியராகவேண்டும் என்பது அவர் ஆசை. அவர் கறுப்பர். அந்தப் பகுதியில் அதுவரை ஒரு கறுப்பு மாணவரும் பட்டம் பெற்றதில்லை. அங்கே கறுப்பு மாணவர்கள் சேர்ந்து படிக்கலாம். ஆனால் கூடைப்பந்துக் குழுவில் அவர்களுக்கு இடமில்லை. நீச்சல் குளத்தில் இறங்குதலும் கூடாது. ஆட்டத்தைப் படைத்தவர் அங்கேதான் இருக்கிறார், அவரை நேரே போய்ப் பார்த்து, நீரே எனக்கு வழிகாட்டி என்று சொல்லிவிடு என்று தந்தை மகனை அனுப்பினார். மகன் அப்படியே சென்று சொன்னார். யார் சொன்னார்கள் என்று கிழவர் கேட்டார். தகப்பனார் என்றார் வாலிபர். தகப்பன் சொல் சரியாகத்தான் இருக்கும் என்று அவரைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார் நெய்ஸ்மித்.

தேகப்பயிற்சிப் பட்டத்துக்கு நீச்சல் ஒரு பாடம். குளத்தில் இறங்கவே வேண்டாம், முதல் வகுப்பு மார்க்குப் போட்டுவிடுகிறோம் என்று அதிகாரிகள் தாராளமாக முன்வந்தார்கள். மக்லெண்டன் அதை ஏற்கவில்லை. நீந்தக் கற்பிக்கப் போகிறவன் நீந்தாமல் மார்க்கு வாங்குவதா? இறங்கினார். அவர் கரையேறிய பிறகு குளத்து நீரை வெளியேற்றினார்கள். நேயர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. 1927-ல் மகாத் நகரத்துச் சவதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களோடு நீர் மொண்டு குடித்த பிறகு, அந்தக் குளத்துக்குச் சுத்தி செய்தவர்கள் நம் நாட்டவர்தாம். மக்லெண்டன் சளைக்கவில்லை. இரண்டு வாரம் குளத்தை யாவருக்கும் திறந்து வையுங்கள். ஒரு கலகமும் விளையாவிட்டால் பிறகு மூடக்கூடாது என்று ஒப்பந்தம் பேசினார். அந்த இரண்டு வாரமும் குளத்துப் பக்கமே போகவேண்டாமென்று மற்றக் கறுப்பு மாணவர்களிடம் சொல்லிவைத்தாராம். கலகம் எப்படி விளையும்? குளம் திறந்தது. இந்தப் போராட்டம் முழுவதிலும் நெய்ஸ்மித் தம் மாணவரின் பக்கம் நின்றார்.

குழுவில் ஆட முடியாத மாணவருக்கு ஆட்டத்தைக் கற்பிப்பது எப்படி? மக்லெண்டன் அதைக் கிழவரோடு நடந்தும் பேசியும் கற்றார். ஒரு நாள் சிறுவர்கள் பந்தை வைத்துக்கொண்டு இங்குமங்கும் ஓடி ஆடுவதை இருவரும் பார்த்து நின்றார்கள். பந்து எங்கே போகிறதோ அங்கே எல்லாரும் ஓடினார்கள். பந்து இருக்கும் இடமே ஆட்டத்தின் இடம். கூடையின் அடியில் வந்து காத்துக்கிடப்பது ஆட்டமன்று என்பதை நெய்ஸ்மித் அந்தச் சிறுவர்களைக் காட்டியே விளக்கினார். களம் முழுவதும் ஓடி நெருக்கி ஆடும் வேகமான முறையை மக்லெண்டன் பிற்காலத்தில் இந்த விதையிலிருந்தே வளர்த்தார். ஆசிரியப் பயிற்சிக்காக லாரன்ஸ் நகரத்து உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று, அங்கே தனியே ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பு மாணவர் குழுவைப் பழக்கினார். 1936-ல் பட்டம் பெற்றார்.

அதே 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதல் முறையாகப் பந்தயமாகச் சேர்க்கப்பட்டது. ஆலன் முதலிய பயிற்சியாளர்கள் நிதி திரட்டி நெய்ஸ்மித்தை அங்கே அனுப்பினார்கள். திறந்த வெளியில், மழையில் சேறாகிவிட்ட தரையில், கடைசி ஆட்டம் நடந்தது. அவர் பிறந்த கனடாவை அவர் குடியேறிய அமெரிக்கா 19-க்கு 8 என்ற கணக்கில் வென்றது. வென்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் அவரே பதக்கங்களைக் கொடுத்தார். பல தேசங்களின் கொடிகள் தம் ஆட்டத்துக்காகப் பறந்ததைக் கண்டதே வேண்டிய கைம்மாறு என்று திருப்தியடைந்தார். அந்த ஆட்டத்தால் அவர் செல்வம் சேர்த்ததில்லை. 1937-ல் மனைவி இறந்தார். அந்த வருஷமே உத்தியோகத்திலிருந்து விலகினார். 1939-ம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி லாரன்ஸ் நகரில், எழுபத்தெட்டாவது வயதில், மூளையில் இரத்தப் பெருக்கு ஏற்பட்டுக் காலமானார்.

மக்லெண்டன் 1937-ல் வட கரோலினா மாகாணத்தில், டர்ஹாம் நகரத்துக் கறுப்பர் கலாசாலைக்கு ஆசிரியராகச் சென்றார். அதே ஊரில் வெள்ளையருக்கான டியூக் சர்வகலாசாலை இருந்தது. இரு சாராரும் ஒரு களத்தில் ஆடுவது அங்கே நினைக்கவும் முடியாத காரியம். 1944-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரார் கோயிலுக்குச் சென்றிருந்த வேளையில், டியூக் வைத்தியக் கலாசாலைக் குழுவினர் மறைவாகக் காரில் வந்து இறங்கினார்கள். மக்லெண்டனின் கூடத்துக் கதவுகள் பூட்டப்பட்டன. கூட்டம் இல்லை, பத்திரிகை இல்லை. மக்லெண்டனின் மாணவர்கள் 88, டியூக் 44. ஆட்டம் முடிந்த பிறகும் வந்தவர்கள் புறப்படவில்லை. இரண்டு குழுக்களையும் கலைத்து, கறுப்பரும் வெள்ளையரும் கலந்து இரு கட்சியாகப் பிரிந்து, கதவைத் திறக்காமலே இன்னும் ஓர் ஆட்டம் ஆடினார்கள். இந்தச் செய்தி 1996-ல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.